மெயிலை ஈமேக்ஸுக்குள் படிப்பதா, தண்டர்பேர்டிலேயே இருப்பதா?

[திரையில்: இடப்பக்கம் தண்டர்பேர்ட், வலப்பக்கம் ஈமேக்ஸ். இரண்டிலும் ஒரே இன்பாக்ஸ்.]

நாள் முழுக்க ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் (நிரலும் குறிப்பும் எழுதும் மென்பொருள்) வேலை பார்ப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் தோன்றும்: மெயிலையும் இதற்குள்ளேயே படித்தால் என்ன? இது பழைய ஆசைதான். 1980களிலேயே ஈமேக்ஸோடு ஆர்மெயில் என்ற மெயில் படிக்கும் பகுதி வந்துவிட்டது. எந்த மென்பொருளும் மெயில் படிக்கிற அளவுக்கு வீங்காமல் ஓயாது என்று கிண்டலடித்த நிரலாளர் ஜேமி ஜவின்ஸ்கி, ஈமேக்ஸின் ஒரு கிளையான லூசிட் ஈமேக்ஸிலும் நெட்ஸ்கேப் பிரவுசரின் மெயில் பகுதியிலும் வேலை பார்த்தவர். இரண்டு பக்கமும் அவருக்கு அத்துப்படி.

[திரையில்: நான்கு பெட்டிகள் – இறக்குவது, தேடுவது, காட்டுவது, அனுப்புவது.]

தண்டர்பேர்ட் மெயிலுக்கென்றே உள்ள செயலி. அதில் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்தால் போதும், இந்த நான்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஈமேக்ஸில் பலரும் ஆளுக்கொரு வேலையாகப் பிரித்து வைக்கிறார்கள். எம்பிசிங்க் என்ற நிரல் சர்வரிலிருந்து மெயில்களை இறக்கி, ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்று அடுக்கும். மியூ அல்லது நாட்மச் என்ற நிரல், தேடுவதற்காக அவற்றுக்கு அட்டவணை போடும். காட்டுவதும் எழுதுவதும் மட்டும்தான் ஈமேக்ஸ். அனுப்ப, உள்ளேயே ஒரு வழி இருக்கிறது. தனி நிரலும் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடு எதற்கு? முதலில் தேடல். நெட் இல்லாதபோதும் பல வருட மெயில்களுக்குள் சட்டென்று தேடலாம். அடுத்தது, மெயிலை உங்கள் வேலைக் குறிப்போடு கோர்ப்பது: "இதற்குப் பதில் போடணும்" என்று ஆர்க் கோப்பில் (ஈமேக்ஸின் குறிப்பேடு) ஒரு வரி, அதில் அந்த மெயிலுக்கே ஒரு இணைப்பு. மெயிலில் பேட்ச் (நிரலில் செய்த திருத்தம்) அனுப்புகிறவர்களுக்கு லாபம் இன்னும் அதிகம். ஜிமெயிலின் வலைப்பக்கம் டேபை ஸ்பேஸாக மாற்றிவிடும், வரியையும் உடைக்கும், அதனால் பேட்ச் அனுப்ப உதவாது என்று லினக்ஸ் கெர்னலின் ஆவணமே சொல்கிறது. தண்டர்பேர்டிலும் சில அமைப்புகளை மாற்றினால்தான் பேட்ச் சிதையாமல் போகும்.

சரி, தொல்லைகள்?

[திரையில்: ஒரு விளம்பர மெயில், ஈமேக்ஸில் அலங்கோலமாக.]

வங்கி, ரயில் டிக்கெட், கடை என்று வருகிற மெயில் எல்லாம் எச்டிஎம்எல், அதாவது வலைப்பக்கம் போல அலங்கரித்தவை. ஈமேக்ஸ் காட்டும், ஆனால் பார்க்கச் சகிக்காது. ஈமேக்ஸோடு வரும் இன்னொரு மெயில் நிரல் க்னூஸ். அது இணையச் செய்திக்குழுக்களைப் படிக்கும் நிரலாகப் பிறந்ததால், படித்து முடித்த மெயிலைப் பட்டியலிலிருந்து மறைத்துவிடும். மெயிலே போச்சு என்று புதியவர்கள் பதறுவார்கள். போகவில்லை, மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். க்னூஸ் நேரடியாக சர்வரோடு பேசும்போது எடிட்டரே உறைந்து நிற்பதும் உண்டு.

என் கணக்கில் பெரிய தடை உள்நுழைவுதான். 2022 முதல் தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு இப்படிப்பட்ட நிரல்களிலிருந்து வெறும் கடவுச்சொல்லை கூகுள் ஏற்பதில்லை; ஓஆத் (பிரவுசர் ஜன்னலில் உள்நுழைந்து அனுமதி கொடுக்கும் முறை) வேண்டும், இல்லையென்றால் இரண்டடுக்கு சரிபார்ப்பை இயக்கி, அந்த நிரலுக்கென்று தனியாக ஆப் பாஸ்வேர்ட் வாங்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் அலுவலகக் கணக்குகள் ஓஆத் கேட்கும். தண்டர்பேர்ட் ஒரு ஜன்னலைத் திறந்து கதையை முடித்துவிடும். எம்பிசிங்கோடு ஓஆத்தைப் பொருத்த ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இன்னொன்றை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஈமேக்ஸ் நிரலை ஓட்டுகிற இடம்; அதற்குள் முன்பின் தெரியாதவர் அனுப்பியதைத் திறக்கிறோம். 2024 மார்ச்சில் வந்த ஈமேக்ஸ் 29.3 இந்தக் கவலைக்காகவே வந்த பதிப்பு. மெயிலுக்குள்ளேயே விரித்துக் காட்டப்படும் பகுதிகளை அதன் பிறகுதான் க்னூஸ் நம்பத்தகாதவை என்று கருதத் தொடங்கியது. அதற்கு முந்தைய பதிப்பில் இருந்தால், மெயில் பக்கம் போகவே வேண்டாம்.

உங்களுக்கு வருவதில் பெரும்பகுதி ரசீதும் மீட்டிங் அழைப்பும் என்றால் தண்டர்பேர்டை விட்டு நகராதீர்கள். மனிதர்கள் நீளமாக எழுதுவதும் நீங்கள் பதில் எழுதுவதும்தான் அதிகம் என்றால் ஈமேக்ஸ் அந்தச் சிரமத்துக்கு ஈடு கொடுக்கும். ஐமேப் கணக்கு (மெயில்கள் சர்வரிலேயே தங்கும் வகை) என்றால் இரண்டையும் சேர்த்தே ஓட்டலாம். தொடக்கத்தில் எம்பிசிங்க் அமைப்பில் 'சிங்க் புல்' (Sync Pull, சர்வரிலிருந்து இங்கே மட்டும் இழு) என்று மட்டும் போடுங்கள். மெயில் இறங்கும்; நீங்கள் இங்கே தவறி அழித்தாலும் சர்வரில் அப்படியே இருக்கும்.