அம்மாவின் ரோஜா ஏன் நிறம் மாறியது?

நேயர்களுக்கு வணக்கம்.

தோட்டம் வைத்திருந்த ஓர் அம்மா காலமாகிவிட்ட வீட்டில், அடுத்த வருடம் அநேகமாக யாராவது சொல்வார்கள்: "அம்மா போனதிலிருந்து இந்த ரோஜா பழையபடி பூப்பதே இல்லை. நிறமே மாறிப்போச்சு." கேட்பவர்கள் துக்கத்தில் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் பல வீடுகளில் அது உண்மை. நிறம் மாறித்தான் இருக்கும்.

ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிகள். பார்வைக்கு ஒன்று, உள்ளே இரண்டு. கீழே வேரோடு இருப்பது முரட்டுத்தனமாக வளரும் ஒரு வகை. அதன் தண்டில், நமக்கு வேண்டிய பூச்செடியின் மொட்டு ஒன்றைச் செருகி ஒட்ட வைத்திருப்பார்கள். மண்ணை ஒட்டி, விரல் முட்டிபோல ஒரு புடைப்பு தெரியும். அதுதான் ஒட்டு போட்ட இடம். புடைப்புக்கு மேலே வருவதெல்லாம் அம்மா ஆசைப்பட்டு வாங்கிய ரோஜா. கீழேயிருந்து கிளம்புவது வேறு செடி.

அந்தக் கீழ்த்தளிர் அவ்வப்போது தலைகாட்டும். வெளிறிய பச்சையாக, நெட்டுக்குத்தாக, மற்ற கிளைகளைவிட வேகமாக வளரும். பார்ப்பவருக்கு, செடி நன்றாகத் தழைக்கிறது என்றே தோன்றும். அது வேறு செடி என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். காலையில் தண்ணீர் ஊற்றும்போது குனிந்து ஒரு நொடியில் பிய்த்துப் போட்டுவிடுவார். வீட்டில் யாருமே அதை ஒரு வேலையாகக் கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு நொடி வேலை நின்றுபோனால், ஒன்றிரண்டு பருவங்களில் கீழ்த்தளிர் சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மேல்செடி மெலிந்து காய்ந்துவிடும். அப்புறம் பூப்பது அடிச்செடியின் பூ. சின்னதாக, பெரும்பாலும் ஒற்றை அடுக்காக, வேறு நிறத்தில் இருக்கும்.

இப்போது என்ன செய்யலாம்? சந்தேகப்படும் தளிரின் அடியைத் தேடுங்கள். ஒரு காம்பில் ஐந்து இலையா ஏழு இலையா என்று எண்ணி, ஏழென்றால் அடிச்செடி என்பவர்கள் உண்டு. அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நல்ல ரோஜாக்களிலும் ஏழு இலை வரும். விரலால் மண்ணை விலக்கி, தளிர் புடைப்புக்குக் கீழே கிளம்புகிறதா என்று பாருங்கள். கீழே என்றால், அடியோடு பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் அடியில் இருக்கும் மொட்டுகள் தங்கிவிடும். ஒன்று போன இடத்தில் மூன்று வரும். கீழே, மேலே என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மேல்செடியில் ஒரு கிளை உயிரோடு இருந்தாலும் நம்பிக்கை இருக்கிறது. அதிலிருந்து ஒரு குச்சி வெட்டி நட்டு வளர்க்கும் ரோஜா, அம்மாவின் ரோஜாவுடைய பிள்ளை என்றுகூடச் சொல்ல முடியாது. அது அதே செடி. அவர் கைபட்டு வளர்ந்த அதே உடலின் ஒரு துண்டு புதிதாக வேர்விட்டு நிற்கிறது. மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று கொடுத்தால், எல்லார் வீட்டிலும் இருப்பது ஒரே செடிதான். எனக்கு இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் தெரியவில்லை.

பூ உதிர்ந்த கிளையில், பென்சில் பருமனில், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குச்சி எடுங்கள். 3 அல்லது 4 கணு இருக்க வேண்டும். அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே, நேராக. மேல் வெட்டு கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, சாய்வாக. இப்படி வெட்டினால் தலைகீழாக நட்டுவிடும் தவறும் நேராது. மேலே இரண்டு இலையை விட்டு மற்றதை எடுத்துவிட்டு, பாதி மணலும் பாதி மக்கிய இலையுரமும் கலந்த தொட்டியில், பாதிக்கு மேல் புதையும்படி ஊன்றுங்கள். நிழலில் வையுங்கள். அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் புட்டியைக் கவிழ்த்து மூடினால் ஈரம் நிற்கும்.

இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் அவசரத்தால் தோற்கிறார்கள். இரண்டாவது வாரம் துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று பிடுங்கிப் பார்ப்பார்கள். அந்தத் துளிர் குச்சியில் சேர்ந்திருந்த சத்தில் வருவது. வேர்விட 4 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை கை வைக்காதீர்கள். ஒன்று போதுமென்றாலும் பத்துக் குச்சி வையுங்கள், பாதி பிழைக்காமல் போகலாம்.

மல்லிகைக்கு இன்னும் எளிது. தாழ்வான கொடியை வளைத்து, ஒரு கணுவின் அடியில் லேசாகச் சீவி, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல் வையுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். இரண்டு மூன்று மாதம் கழித்து, கொடியை இழுத்தால் மண் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது தாய்க்கொடியிலிருந்து வெட்டலாம்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று. அம்மா போன முதல் மாதத்தில் தொட்டிச்செடிகள் சாவது பெரும்பாலும் வறட்சியால் இருக்காது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் பாசத்தில் ஆளுக்கு ஒரு செம்பு ஊற்றுவார்கள். வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகிவிடும். வாடிய இலையைப் பார்த்து இன்னும் ஊற்றுவார்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம். பொறுப்பை ஒருவர் மட்டும் ஏற்றுக்கொள்ளட்டும்.

வெறுமையாகத் தெரியும் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். உள்ளே கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கலாம். எதில் என்ன இருக்கிறது என்று பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள். பாட்டியின் பின்னாலேயே சுற்றியவர்கள் அவர்கள்தான். பெரியவர்களுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். சொல்வதைத் தொட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். விதைகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். டப்பாக்களில் அம்மா எடுத்துவைத்த விதையில் பத்தை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். பத்து நாளில் ஐந்துக்கு மேல் முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்தில் வீரியம் இழக்கும், அதற்கு முதலிடம் கொடுங்கள். தக்காளி நாலு வருடம் தாங்கும். எதையும் ஒரே தடவையில் முழுக்க விதைக்காதீர்கள், பாதியைப் பத்திரப்படுத்துங்கள். புது விதை எடுத்ததும், நன்றாக உலர்த்தி, அம்மாவின் கையெழுத்து இருக்கும் அதே உறையில் போட்டு, பழைய தேதிக்குக் கீழே புதுத் தேதியை எழுதி வையுங்கள். வணக்கம்.