தீராததோடு வாழக் கற்பதே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘இல்லறம் நிலைக்கத் துணை நிற்பது பிரச்சினைகளைத் தீர்ப்பதா, தீராதவற்றோடு வாழக் கற்பதா?’ இது இன்றைய தலைப்பு. நான் இரண்டாவது அணி. எனக்கு முன் பேசியவர், “பிரச்சினை என்று வந்தால் இருவரும் உட்கார வேண்டும், பேச வேண்டும், ஓர் ஒப்பந்தத்துக்கு வர வேண்டும், அதோடு அதை முடிக்க வேண்டும்” என்றார். நடுவர் அவர்களே, தம்பதியர் சிகிச்சையின் வரலாற்றில் இதை அப்படியே செய்து பார்த்திருக்கிறார்கள். என்ன நடந்தது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

1970களில் அமெரிக்காவில் நடத்தைவழித் தம்பதியர் சிகிச்சை வளர்ந்தது. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் நீல் ஜேகப்சன். முறை மிகத் தெளிவானது. துணைவர் மகிழ எதைக் கூடுதலாகச் செய்யலாம் என்று ஒவ்வொருவரும் பட்டியல் எழுதி, அதை வீட்டில் செய்து பார்க்க வேண்டும். பிறகு கேட்கும் பயிற்சி: ஒருவர் பேசி முடித்ததும், “நீ சொன்னது இதுதானே?” என்று மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியில் சிக்கல் தீர்க்கும் பயிற்சி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சிக்கல்தான். முதலில் அதை வரையறுக்க வேண்டும். குறை சொல்லாமல் எல்லா வழிகளையும் தாளில் எழுத வேண்டும். ஒவ்வொன்றின் நன்மை தீமையை எடைபோட்டு, ஒன்றைத் தேர்ந்து, எழுத்தில் ஒப்பந்தம் செய்து, அடுத்த வாரம் சரிபார்க்க வேண்டும். எதிரணி கேட்பது இதைத்தானே?

பலருக்கு இது பயன்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஜேகப்சன் தம் முடிவுகளைத் தாமே கடுமையாகச் சோதித்தார். சிகிச்சை முடியும்போது தெளிவான முன்னேற்றம் கண்டிருந்தவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். அப்படி மீண்டவர்களிலும் சுமார் 30 விழுக்காட்டினர் இரண்டே ஆண்டுகளில் பழைய நிலைக்குச் சரிந்தார்கள். இதைப் பார்த்த பிறகுதான் அவர் இன்னொரு உளவியலாளரான ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனோடு சேர்ந்து, ‘ஏற்பு’ என்பதை நடுவில் வைத்துப் புதிய சிகிச்சை முறையை உருவாக்கினார். எதிரணியின் முறையை ஊன்றி வளர்த்தவரே அது போதாது என்று கண்டு இந்தப் பக்கம் வந்தார் என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஏன் போதவில்லை? ஒப்பந்தப்படி செய்கிற செயலுக்கும் மனம் கனிந்து செய்கிற செயலுக்கும் உள்ள வித்தியாசம், அதைப் பெறுகிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. ‘செவ்வாய்க்கிழமை பத்து நிமிடம் பேசுவேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்ட கணவர் சரியாகப் பத்து நிமிடம் பேசுகிறார். மனைவிக்கு அது தாளுக்குச் செய்த மரியாதையாகத்தான் படுகிறது. “எழுதியிருப்பதால்தானே பேசினீர்கள்?” என்கிறார். “சொன்னபடி செய்தும் குற்றமா?” என்கிறார் கணவர். பழைய சண்டைக்குப் பதிலாகப் புதிய சண்டை வந்துவிட்டது.

இன்னொரு காரணம் இன்னும் ஆழமானது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதியரை ஆய்வுக்கூடத்தில் பேசவைத்துப் படம்பிடித்து, இதயத் துடிப்பையும் அளந்து ஆராய்ந்தவர் ஜான் காட்மன். தம்பதியரின் பிணக்குகளில் 69 விழுக்காடு தீராத வகை என்பது அவருடைய கணக்கு. சில ஆண்டுகள் கழித்து அதே தம்பதியரை அழைத்தால் அதே விஷயத்தைத்தான் பேசுகிறார்கள். ஒருவர் சேமிக்கப் பிறந்தவர், மற்றவர் செலவழித்து மகிழ்பவர். ஒருவருக்கு நாலு பேர் சூழ இருந்தால்தான் உயிர், மற்றவருக்குத் தனிமைதான் ஓய்வு. இவை தீர்வு காத்திருக்கும் கணக்குகள் அல்ல, இரண்டு மனிதர்களின் இயல்புகள். மகிழ்ச்சியாக வாழ்பவர்களுக்கும் இவை உண்டு. அவர்கள் அதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேச முடிகிறது. மற்றவர்கள் பேச்சை எடுத்ததுமே இறுகிப்போகிறார்கள்.

“அப்படியென்றால் பொறுத்துப் போ, வாயை மூடு என்கிறீர்களா?” என்று எதிரணியிலிருந்து ஒரு குரல் வந்தது. இல்லை. ஏற்பு என்பது வாய்மூடல் அல்ல, அது ஒரு வேலை. ஜேகப்சனும் கிறிஸ்டென்சனும் உருவாக்கிய அந்தச் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதல் அமர்வில் இருவரும் சேர்ந்து வருகிறார்கள். அடுத்த இரண்டில் தனித்தனியே. நான்காவதில் ஆலோசகர் தாம் கண்டதை இருவர் முன்னும் வைக்கிறார்: உங்கள் வேறுபாடு இது, அது சுடுவதற்குக் காரணமான பழைய காயங்கள் இவை, வெளியிலிருந்து அழுத்தும் சுமைகள் இவை, நீங்கள் இருவரும் சேர்ந்து ஆடுகிற சுழற்சி இது. பெரும்பாலும் அந்தச் சுழற்சியில் ஒருவர் நெருக்குவார், மற்றவர் நழுவுவார். நெருக்க நெருக்க நழுவல் கூடும், நழுவ நழுவ நெருக்கல் கூடும். யார் தொடங்கியது என்று கேட்டால் இருவருமே மற்றவரைக் கைகாட்டுவார்கள். இருவர் சொல்வதும் அவரவர் நின்ற இடத்திலிருந்து உண்மைதான்.

அதன் பிறகு மூன்று வேலைகள். கோபத்துக்கு அடியில் கிடக்கும் மென்மையான உணர்வை வெளியே எடுப்பது முதலாவது. “உங்களுக்கு வேலைதான் பெரிது” என்பது மேல்தோல். “நான் உங்களுக்கு வேண்டாதவளாகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது” என்பது உள்ளே இருப்பது. முதலாவதைக் கேட்டவர் கவசம் போடுவார். இரண்டாவதைக் கேட்டவர் அருகே வருவார்.

இரண்டாவது, சண்டையை இருவரும் ஒரே பக்கம் நின்று பார்ப்பது. எந்தச் சொல்லில் சூடேறியது, அப்போது ஒன்று முதல் பத்துக்குள் எத்தனை, எப்படித் தணிந்தது என்று படிப்படியாகப் பேசி, அந்தச் சுழற்சிக்கு ஒரு பெயரும் வைத்துக்கொள்வார்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். “பார், உன் புயல் ஆரம்பித்துவிட்டது” என்று அந்தப் பெயரையே ஆயுதமாக்கிவிடுவார்கள். பெயர் சுழற்சிக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. துணைவரைப் புண்படுத்துகிற அந்தப் பழக்கத்தை, மனம் கொதிக்காத ஒரு வேளையில் வீட்டில் வேண்டுமென்றே நடித்துப் பார்க்கச் சொல்வார்கள். எப்போது என்று தெரியாதே தவிர, அப்படி நடக்கும் என்பது இருவருக்கும் முன்பே தெரியும். ஓரிரு நிமிடத்தில் “இது பயிற்சி” என்று சொல்லிவிட வேண்டும். தனக்குக் கோபம் இல்லாததால், தன் சொல் துணைவர் முகத்தில் என்ன செய்கிறது என்பதை நடித்தவர் முதன்முறையாகத் தெளிவாகப் பார்க்கிறார். மற்றவருக்கோ, இது நடிப்பாகவும் இருக்கலாம் என்ற எண்ணத்தில் அந்த அடியின் வேகம் குறைகிறது.

இதற்குச் சான்று? லாஸ் ஏஞ்சலஸிலும் சியாட்டிலிலும் நீண்டகாலமாகக் கடும் பிணக்கில் இருந்த 134 தம்பதியருக்கு, பழைய ஒப்பந்த முறை, புதிய ஏற்பு முறை இவ்விரண்டில் ஒன்றை அதிகபட்சம் 26 அமர்வுகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஜேகப்சன் 1999இல் மறைந்த பிறகும் அந்த ஆய்வு தொடர்ந்தது. பழைய முறை தொடக்கத்தில் வேகமாகப் பலன் தந்து பிறகு தேங்கியது. புதிய முறை மெதுவாக, ஆனால் தொடர்ந்து ஏறியது. இரண்டு ஆண்டு கழித்து, ஏற்பு முறையில் 69 விழுக்காட்டுத் தம்பதியரும் பழைய முறையில் 60 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தில் இருந்தார்கள். ஐந்தாம் ஆண்டில் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது, ஏறக்குறைய 50க்கு 46. இரு பக்கமும் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் பிரிந்திருந்தார்கள். இந்த எண்ணை எதிரணி எடுத்து வீசுவதற்கு முன் நானே வைத்துவிடுகிறேன். வேறுபாடு தேய்ந்தது உண்மை. ஆனால் ஏற்பை நடுவில் வைத்த முறை, தீர்வைத் தேடிய முறையைவிடச் சிகிச்சை முடிந்த பிறகு எந்தக் கட்டத்திலும் பின்தங்கவில்லையே! தீர்வுதான் இல்லறத்தின் உயிர்நாடி என்றால் அது எப்படி நடந்தது?

இன்னும் எளிய சான்று ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் எலி ஃபின்கெல் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில் 120 தம்பதியர், இரண்டு ஆண்டுகள். முதல் ஆண்டில் எல்லாருக்கும் மணநிறைவு மெல்லக் குறைந்தது. இரண்டாம் ஆண்டில் பாதிப் பேருக்கு மட்டும் ஓர் எழுத்துப் பயிற்சி: அண்மையில் நடந்த சண்டையை, இருவருக்கும் நல்லது நினைக்கிற ஒரு மூன்றாம் மனிதர் பார்த்தால் எப்படிப் பார்ப்பார் என்று ஏழு நிமிடம் எழுத வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறை, மொத்தம் 21 நிமிடம். எழுதியவர்களுக்குச் சரிவு நின்றது. எழுதாதவர்களுக்குத் தொடர்ந்தது. சண்டைகளின் எண்ணிக்கை குறைந்ததா? இல்லை, நடுவர் அவர்களே! இரு சாராரும் ஒரே அளவுதான் சண்டையிட்டார்கள். எழுதியவர்களை அந்தச் சண்டைகள் அவ்வளவாகப் புண்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

உடம்பையும் சொல்லியாக வேண்டும். வாக்குவாதத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் காதில் விழுவது புத்தியில் ஏறாது. அப்போது தீர்வு தேடுவது வீண். பேச்சை நிறுத்தி, எப்போது திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டு, குறைந்தது 20 நிமிடம் விலகியிருக்க வேண்டும். சொல்லாமல் எழுந்து போனால் அது கைவிடலாகத் தெரியும். விலகியிருக்கும் நேரத்தில் அடுத்த பதிலடியை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தால் துடிப்பு இறங்கவே இறங்காது.

ஒரு எல்லைக்கோட்டை எங்கள் அணியே போடுகிறது. அடி, மிரட்டல், துணைவரின் நடமாட்டத்தையும் பணத்தையும் பூட்டிவைத்தல், இவை வேறுபாடுகள் அல்ல. இவற்றோடு வாழக் கற்கச் சொல்வது பாவம். நான் சொன்ன அந்தச் சிகிச்சை ஆய்விலேயே கணவரின் கடும் வன்முறை இருந்த தம்பதியரைச் சேர்க்கவில்லை. தனித்தனியே சந்திக்கும் அமர்வுகள் இதற்கும்தான்: துணைவர் பக்கத்தில் இருக்கும்போது பயந்தவர் வாய்திறக்க மாட்டார். அங்கே முதல் வேலை அவருடைய பாதுகாப்பு.

கடைசியாக எதிரணி கேட்ட கேள்வி: “ஒருவர் குழந்தை வேண்டும் என்கிறார், மற்றவர் வேண்டாம் என்கிறார். இதோடு எப்படி வாழ்வது?” நியாயமான கேள்வி. பாதிக் குழந்தை என்று ஒன்று இல்லை. இப்படி ஒரு வேறுபாட்டால் ஒருவர் ஏற்கெனவே பிரியும் எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தால், சிகிச்சையைத் தொடங்குவதே தவறு. அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த தம்பதியர் சிகிச்சையாளர் வில்லியம் டோஹெர்ட்டி அதற்கென்றே ஒரு முறை வகுத்தார்: ஒன்று முதல் ஐந்து அமர்வுகள், பெரும்பகுதி தனித்தனிப் பேச்சு. முன்னால் மூன்று வழிகள்: இப்போதுள்ளபடியே தொடர்வது, பிரிவது, அல்லது பிரிவு என்ற பேச்சை ஆறு மாதம் ஒதுக்கிவைத்து முழு மனத்தோடு சிகிச்சைக்கு உட்படுவது. அங்கே ஆலோசகர் ஒவ்வொருவரிடமும், “இந்த நிலைக்கு வந்ததில் உங்கள் பங்கு என்ன?” என்று கேட்கிறார். சிக்கலைத் தீர்க்க அந்த மேசையில் யாரும் முயல்வதில்லை. முடிவெடுக்கும் முன் இருவரும் ஒருவரையொருவர் தெளிவாகப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு சிலர் பிரிகிறார்கள், சிலர் அந்த ஆறு மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வணக்கம்.