ஓர் அந்தர் பசளை, ஐந்து தொன் பாசி

(குளத்து நீர் பற்றித் திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

கச்சான் காற்று ஓய்ந்த காலையில் குளக்கட்டோரம் பச்சைப் பெயின்ற் கொட்டியது போல நீர் கிடந்தால் ஒரு தடியை விட்டு எடுங்கள். நூல்நூலாகத் தொங்கினால் சாதாரணப் பாசி. பெயின்ற் மாதிரிப் பூசிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் சயனோபக்றீரியா. நீலப்பச்சைப் பாசி என்று படித்தோமே, அதுதான். அதில் நஞ்சு இருக்கலாம், கையை மட்டும் விடவேண்டாம்.

இந்தப் பாசிக்கு உணவு, பசளையிலுள்ள பொசுபரசு. ஓர் அந்தர் ரி.எஸ்.பி. (முச்சுப்பர் பொசுபேற்றுப் பசளை) சுமார் 50 கிலோ. பையில் உள்ள 46 வீதம் பொசுபரசின் ஒட்சைட்டைக் குறிக்கிறது. தனிப் பொசுபரசாக அது ஏறக்குறைய 10 கிலோதான். 1 கிலோ பொசுபரசு சுமார் 500 கிலோ ஈரப்பாசியை வளர்க்க வல்லது. அந்தர் முழுவதும் குளத்துக்குப் போனால் 5 தொன்! முழுவதும் போகாது, பெரும்பகுதியை மண் பிடித்துக்கொள்ளும். ஆனால் லீற்றருக்கு 35 மைக்ரோகிராம் மொத்தப் பொசுபரசு இருந்தாலே குளம் போசணை மிகுந்தது என்கிறோம். 2 கோடியே 80 இலட்சம் லீற்றர் நீரை அந்த மட்டத்துக்கு ஏற்ற 1 கிலோ போதும்.

கரைந்த பொசுபேற்று பூச்சியம் என்று ஆய்வுகூட அறிக்கை வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். இந்தப் பாசிக் கலங்கள் பொசுபேற்றுக் கிடைக்கும்போதே அள்ளி உள்ளே சேமித்துவிடும். மொத்தப் பொசுபரசை அளந்தால்தான் உண்மை தெரியும். அடிச்சேற்றில் ஒட்சிசன் அற்றுப்போனால், இரும்போடு பிணைந்திருந்த பழைய பொசுபேற்றும் அவிழ்ந்து மேலே வரும்.

பாசி எவ்வளவு என்பது பெரும்பாலும் பொசுபரசின் கையில். எவ்வளவு நஞ்சு என்பதில் நைதரசனுக்குப் பெரிய பங்கு உண்டு. நீலப்பச்சைப் பாசிகளில் ஒன்றான மைக்ரோசிஸ்ரிஸ், வளியிலுள்ள நைதரசனைப் பிடிக்கத் தெரியாத இனம். வடிநீரில் வரும் யூரியாவும் அமோனியமும் அதற்கு விருந்து. அதன் நஞ்சான மைக்ரோசிஸ்ரின் ஏழு அமினோ அமிலங்கள் கோத்த வளையம். அந்த நஞ்சின் எல்-ஆர் என்ற வகையில் பத்து நைதரசன் அணுக்கள், எடையில் 14 வீதம். நைதரசனுக்குத் தட்டுப்பாடு வந்தால் கலம் இந்தச் செலவைச் சுருக்கும். நஞ்சு மரபணு இல்லாத வகையோ எத்தனை மூடை யூரியா வந்தாலும் நஞ்சு செய்யாது. இரண்டு வகையும் ஒரே குளத்தில் கலந்தே இருக்கும் என்பதால், நிறத்தைப் பார்த்து நஞ்சைச் சொல்ல முடியாது. யூரியாவை நிறுத்தினால் எல்லாம் சரி என்பதும் தவறு: றபிடியொப்சிஸ் போன்ற வேறு நீலப்பச்சைப் பாசிகள் வளி நைதரசனையே பிடித்துக்கொண்டு வளரும், சிலின்றோஸ்பேமொப்சின் என்ற வேறொரு நஞ்சையும் தரும்.

குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நீண்டகால வரம்பு, மைக்ரோசிஸ்ரின்-எல்-ஆருக்கு லீற்றருக்கு 1 மைக்ரோகிராம். கொதிக்கவைத்தால் அந்த நஞ்சு அழியாது. கலம் வெடித்து உள்ளே இருந்ததும் நீரில் கலக்கும். மயில்துத்தம் தூவினாலும் அதே கதி. பாசியைக் கொல்லாமல், படிகாரம் இட்டு முழுக் கலமாகப் படியவைத்து அகற்றுவதே முதல் வேலை. குளோரீன் அதற்குப் பிறகு. பாசி மண்டிய நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) பகலில் 9ஐத் தாண்டும். குளோரீன் நஞ்சை உடைக்க அது 8க்குக் கீழே இருக்கவேண்டும், 30 நிமிடம் கழித்தும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் மீதியிருக்க வேண்டும்.