அடுத்த வசனம் யாருக்கு?

(வட சென்னை வியாசர்பாடியில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் எதைக் கேலி செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். இளம் வயதில் வேலைக்கான நேர்காணல் ஒன்றுக்குப் போயிருந்தேன். என் முகவரியைப் படித்த அதிகாரி, "வியாசர்பாடியா?" என்று கேட்டுவிட்டு, நகைச்சுவைக் காட்சிகளில் ரவுடி வேடம் போடுபவர்கள் பேசும் அதே இழுவையில், "இன்னா நைனா, நாஸ்தா துன்னியா?" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பேருந்தில் என்னை உறுத்தியது அவருடைய கேலி அன்று, என்னுடைய சிரிப்புதான்.

'மெட்ராஸ் பாஷை' என்று சொல்லப்படும் அந்தப் பேச்சில் இழிவு என்ன இருக்கிறது? 'நாஸ்தா'வும் 'பேஜா'ரும் பாரசீகத்திலிருந்து உருது வழியாக நம் வாய்க்கு வந்தவை. 'நைனா' தெலுங்கு. 'குந்து' நல்ல தமிழ். துறைமுகத்திலும் பஞ்சாலையிலும் பல மொழிக்காரர்கள் தோளோடு தோள் நின்று உழைத்த பகுதியில் பிறந்த பேச்சு இது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இந்தப் பெரம்பூர்ப் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேச்சு திரையில் ஒலிக்கும்போது, பேசுபவர் கையில் பெரும்பாலும் ஒரு கத்தியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 1971 ஜனவரியில் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற தொடர் தொடங்கியது. அதன் நாயகர் ஆர்ச்சி பங்கர், சரக்கு ஏற்றும் இடத்தில் மேஸ்திரி. கறுப்பர், யூதர், பெண்கள் என ஒருவரையும் விடாமல் இழித்துப் பேசுபவர். தயாரிப்பாளர் நார்மன் லியரின் நோக்கம் அந்த வெறுப்பை அம்பலப்படுத்துவது. ஆனால் 1974-இல் வெளியான விட்மர், ரோக்கீச் என்ற உளவியலாளர்களின் ஆய்வு, ஏற்கெனவே இனவெறுப்பு உள்ள பார்வையாளர்களில் பலர் ஆர்ச்சியையே மெச்சினார்கள் என்று காட்டியது. ஆகவே, "நாங்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினோம்" என்ற விளக்கம் மட்டும் போதாது. ஆனாலும் அந்தத் தொடரில் நான் மதிக்கும் ஒன்று உண்டு: ஆர்ச்சி இழித்துப் பேசியதும், அவருடைய மருமகனோ பக்கத்து வீட்டுக் கறுப்பின இளைஞனோ அதே இடத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். நம் நிகழ்ச்சிகளில் கறுத்த பெண்ணும், பருத்த மனிதரும், புடவை கட்டிய ஆண் நடிகர் காட்டும் 'திருநங்கை'யும் வசவை வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். உடனே பதிவு செய்த சிரிப்பொலி வந்து அந்த இடத்தை மூடிவிடுகிறது. சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950-களில் உருவாக்கிய சிரிப்பு இயந்திரத்தின் வேலை, எங்கே சிரிக்க வேண்டும் என்று நம் சார்பில் முடிவெடுப்பதுதான்.

கேலிக்கு உள்ளாகிறவருக்கு அடுத்த வசனம் உண்டா என்பதுதான் என் கேள்வி. அந்த வசனத்தை எழுதுவதும் பேசுவதும் யார் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். 'தி சிம்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் வரும் அபு என்ற இந்தியக் கடைக்காரருக்கு வசனங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் குரல் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளை அமெரிக்கருடையது. அந்தக் குரலைக் காட்டிப் பள்ளியில் கேலி செய்யப்பட்ட இந்திய வம்சாவளிப் பிள்ளைகளின் மனக்குறையை நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-இல் ஆவணப்படமாக எடுத்தார். 2020-இல் அசாரியா அந்தப் பாத்திரத்திலிருந்து விலகினார்.

இப்படிப்பட்ட கேலிக்குத் தடை கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994-இலேயே, ஒரு வட்டாரத்தாரையோ மொழியினரையோ இளக்காரமாகக் காட்டக் கூடாது என்று சொல்கின்றன. அந்த விதியால் நம் ஊரின் பெயர் திரையில் மரியாதை பெற்றுவிடவில்லை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அவர்களைப் பற்றிய தவறான எண்ணங்களை உடைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. எனக்கு வேண்டியது அந்த வேறுபாடுதான். ஊனத்தைப் பற்றிச் சிரிக்கவே கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற வாரம் எங்கள் தெருவின் கேரம் மன்றத்தில் நின்றிருந்தேன். ஒரு பையன் சிவப்புக் காயைத் தவறவிட்டான். எதிரில் இருந்தவன், "கண்ணு தெரியலன்னா உங்க ஆயா கண்ணாடிய மாட்டிக்கினு வா" என்றான். பலகையில் பவுடரைத் தட்டிக்கொண்டே இவன், "அத்த மாட்டிக்கினா உன் மூஞ்சி பெர்சா தெரியுமேடா" என்றான். பதில் வசவு வாங்கியவன்தான் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தான். இப்படி எழுதத் தெரிந்த பிள்ளைகள் புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தொடர்களுக்குக் கதை பேசும் அறையில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.