தலைவர் காதுக்கு உண்மை எப்படிப் போய்ச் சேரும்? ஃபோர்டு, பென்டகன், மொஹாவி பாலைவனம்

[திரையில்: ஒரு பக்கம் கார் தொழிற்சாலை, மறுபக்கம் பாலைவனத்தில் புழுதி கிளப்பிப் போகும் டாங்குகள்]

வணக்கம். இராணுவத்துக்கிட்ட இருந்து கம்பெனிகள் என்ன கத்துக்கலாம்னு பேச ஆரம்பிச்சா, பேச்சு உடனே கட்டுப்பாடு, துணிச்சல், நேரம் தவறாமைன்னு போயிடும். எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனா இந்த ரெண்டு உலகத்துக்கும் பொதுவா ஒரு தீராத தலைவலி இருக்கு. கீழே நடக்கிறது, மேலே இருக்கிறவங்க காதுக்கு அப்படியே போய்ச் சேர மாட்டேங்குது. தலைமைன்னா என்னன்னு என்னைக் கேட்டா, அந்த வழியைத் திறந்து வைக்கிறதுதான் முதல் வேலைன்னு சொல்வேன். ஏன்னு ஒரு நிஜக் கதையோட பார்ப்போம்.

[திரையில்: 1940களின் அமெரிக்க விமானப்படை அலுவலகம், அட்டவணைகள், தட்டச்சு இயந்திரங்கள்]

இரண்டாம் உலகப்போர் சமயம். அமெரிக்க இராணுவத்தோட விமானப் பிரிவுல புள்ளிவிவரக் கட்டுப்பாட்டுக்குன்னு ஒரு தனி அலுவலகம் இருந்தது. எத்தனை விமானம் பறக்கிற நிலையில இருக்கு, உதிரி பாகம் எங்க தேங்கி நிக்குது, இதையெல்லாம் கணக்கு எடுத்துச் சொல்றது அவங்க வேலை. போர் முடிஞ்சதும் அந்த அலுவலகத்துல இருந்து பத்து இளம் அதிகாரிகள், எடுத்தா எங்க பத்து பேரையும் சேர்த்து எடுங்கன்னு சொல்லி, 1946ல ஃபோர்டு கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தாங்க. அப்போ ஃபோர்டு நிர்வாகம் தடுமாறிக்கிட்டு இருந்த நேரம். இவங்க வந்து செலவுக் கணக்கு, திட்டமிடல் எல்லாத்தையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்தாங்க. அந்தப் பத்துப் பேர்ல ஒருத்தர் ராபர்ட் மெக்னமாரா. 1960 நவம்பர்ல ஃபோர்டோட பிரசிடென்ட் ஆனார். சில வாரத்துலயே, அதிபராத் தேர்வாகியிருந்த கென்னடி கூப்பிட்டு, நாட்டோட பாதுகாப்பு அமைச்சரா, அதாவது இராணுவத் தலைமையகமான பென்டகனுக்கே தலைவரா ஆக்கிட்டார்.

அதாவது, இராணுவத்துல கத்துக்கிட்ட எண் கணக்கு கம்பெனிக்குப் போச்சு. கம்பெனியில கூர்மையாகி மறுபடி இராணுவத்துக்கே வந்தது. இதுவரைக்கும் நல்ல கதைதான்.

[திரையில்: வியட்நாம் வரைபடம்]

வியட்நாம் போர்ல முன்வரிசைன்னு கோடு போட்டுக் காட்ட ஒண்ணும் கிடையாது. அமெரிக்கப் படை ஒரு ஊரைப் பிடிக்கும், அப்புறம் அதை விட்டுட்டுத் திரும்பி வந்துடும். அப்போ ஜெயிக்கிறோமா தோக்கிறோமான்னு எப்படி அளக்கிறது? எதிரியில எத்தனை பேர் செத்தாங்கன்னு எண்ண ஆரம்பிச்சாங்க. 'பாடி கவுன்ட்'. அந்த எண்ணிக்கை பட்டாலியன்ல இருந்து பிரிகேடுக்கு, அங்கிருந்து டிவிஷனுக்கு, கடைசியா வாஷிங்டனுக்குப் போகும்.

இப்போ அந்த பட்டாலியன் கமாண்டர் இடத்துல உங்களை வச்சுப் பாருங்க. உங்களுக்குக் கிடைச்சிருக்கிற பதவிக்காலம் சில மாசம்தான். அடுத்த பதவி உயர்வு இந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. காட்டுக்குள்ள போய்ச் சரிபார்க்க யாரும் வரப்போறதில்ல. எண்ணிக்கை என்ன ஆகும்? ஏறும். பக்கத்து பட்டாலியனும் ஏத்தும். செத்தவர் போராளியா, வயல்ல வேலை பார்த்த விவசாயியாங்கிற வித்தியாசமே அந்தக் கணக்குல அழிஞ்சு போச்சு. இந்தக் கதையில எனக்கு மனசு ரொம்ப வலிக்கிற இடம் இதுதான். மேலே ரிப்போர்ட்ல ஒரு கட்டத்துக்குள்ள எழுதுற எண், கீழே ஒரு உயிர்.

1962லயே மெக்னமாரா வியட்நாம் போய்ட்டு வந்து, கையில இருக்கிற எல்லா அளவும் நாம ஜெயிக்கிறதைத்தான் காட்டுதுன்னு சொன்னார். போர் முடியற காலத்துல, அங்க பணிபுரிஞ்ச அமெரிக்க ஜெனரல்கள்கிட்டயே ஒரு ஆய்வுல கேட்டாங்க. பாடி கவுன்ட் சரியான அளவுகோல்னு சொன்னவங்க 2 சதவீதம் பேர்தான். ஜெனரல்களுக்கே நம்பிக்கை இல்லாத ஒரு எண்ணை வச்சுத்தான் அத்தனை வருஷம் போர் நடந்திருக்கு.

வியட்நாம்ல அமெரிக்க வீரர்கள் ஊர் மக்களைக் கொன்ன மை லாய் படுகொலை வெளியே வந்த பிறகு, 1970ல இராணுவம் தன்னோட அதிகாரிகளைப் பத்தியே ஒரு ஆய்வு நடத்தினது. மேலே இருந்து வர்ற நெருக்கடி தாங்காம அதிகாரிகள் பொய் ரிப்போர்ட் எழுதுறாங்க, தப்பு நடந்தா மறைக்கிறாங்கன்னு அந்த ஆய்வு பச்சையாவே எழுதினது. பல வருஷம் அதை வெளியே விடாம வச்சிருந்தாங்க.

[திரையில்: மொஹாவி பாலைவனம், ஃபோர்ட் இர்வின்]

ஆனா உண்மையை மறைக்க முடியாத ஒரு பயிற்சி முறையும் அதே இராணுவத்துலதான் இருக்கு. 1980களின் தொடக்கத்துல, கலிஃபோர்னியாவுல மொஹாவி பாலைவனத்துல இருக்கிற ஃபோர்ட் இர்வின்ல ஒரு தேசியப் பயிற்சி மையம் ஆரம்பிச்சாங்க. சுமார் ஆயிரம் சதுர மைல். அங்கேயே தங்கியிருக்கிற ஒரு படை, அந்தக் காலத்துல சோவியத் படை மாதிரியே சண்டை போடும். பயிற்சிக்கு வர்ற படை பெரும்பாலும் அவங்ககிட்ட தோத்துடும்.

துப்பாக்கியில குண்டுக்குப் பதிலா லேசர். வீரர்கள் உடம்புல வார்ப்பட்டை மாதிரி லேசர் வாங்கிகள். அடிபட்டா அது விடாம கத்தும். அப்போ அந்தச் சத்தத்தை நிறுத்தணும்னா துப்பாக்கி லேசர்ல இருக்கிற சாவியைக் கழட்டி வார்ப்பட்டையில சொருகணும். சாவி வெளியே வந்துட்டா அப்புறம் சுட முடியாது. டாங்க் அடிபட்டா அது மேல விளக்கு மினுக்கும். அதனால "நான் சாகல, நீதான் செத்த"ன்னு வாதாட வழியே இல்ல.

சண்டை முடிஞ்ச சூட்டோட எல்லாரும் உட்காருவாங்க. அந்த உட்கார்தலுக்குப் பேர் ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவியூ, சுருக்கமா ஏஏஆர். சின்ன அணின்னா வண்டி நிழல்ல, மண்ணுல வரைபடம் கீறி வச்சுக்கிட்டு. கேள்வி நாலுதான். என்ன நடக்கணும்னு நினைச்சோம்? என்ன நடந்தது? ஏன் அப்படி? அடுத்த தடவை எதை வச்சுக்கலாம், எதை மாத்தலாம்?

ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு கணவாய் முனையில டாங்க் ஒண்ணு தனியா மாட்டிக்கிச்சுன்னு வச்சுக்கோங்க. கேப்டன் சொல்வார்: "பின்வாங்கச் சொல்லி நான் ரேடியோல சொன்னேனே." அந்த டாங்க்ல இருந்த சார்ஜென்ட் சொல்வார்: "சார், அது எங்களுக்கு வரவே இல்ல. ராத்திரி அலைவரிசை மாத்தினது எங்களுக்குத் தெரியாது." ஏன் தெரியல? உத்தரவே விடியற்காலைலதான் கைக்கு வந்தது. ஏன் அவ்வளவு லேட்? ராத்திரி முழுக்க மேலே திட்டம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்த இராணுவத்துல ஒரு பழைய விதி உண்டு: கையில இருக்கிற நேரத்துல மூணுல ஒரு பங்கைத்தான் தலைவர் தன் திட்டத்துக்கு எடுத்துக்கணும், மீதி ரெண்டு பங்கைக் கீழே இருக்கிறவங்க தயாராகிறதுக்கு விட்டுடணும். டாங்க் போனது எதிரியோட திறமையால இல்ல, கமாண்டர் தின்ன நேரத்தால.

இதை ஒரு சார்ஜென்ட் கேப்டன் முன்னாடி சொல்லலாம். சொன்னா தண்டனை கிடையாது. நடத்துறவர் அவங்க மேலதிகாரி இல்ல, கூடவே வந்து பார்த்துக்கிட்டிருந்த பார்வையாளர். பாஸ், ஃபெயிலும் கிடையாது.

நம்ம ஆபீஸ்களுக்கும் அந்த மூணுல ஒரு பங்கு விதி அப்படியே பொருந்தும். கிளையண்ட் பத்து நாள் குடுத்திருப்பார். எட்டு நாள் மேனேஜர்கள் மீட்டிங்லயே போயிடும். மீதி ரெண்டு நாள்ல வேலையை முடிக்கிற பசங்க ராத்திரி கண் விழிப்பாங்க. அப்புறம் "குவாலிட்டி ஏன் இல்ல?"ன்னு கேள்வி வரும்.

ஏஏஆரைப் பல கம்பெனிகள் எடுத்துக்கிச்சு. நிறைய இடத்துல அது செத்தும் போச்சு. காரணம் ரெண்டு. ஒண்ணு, எல்லாம் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு நடத்துவாங்க, யாருக்கும் ஒண்ணும் ஞாபகம் இருக்காது. ரெண்டாவது, அங்க பேசினது அப்ரைசல்ல வந்து நிக்கும். ஒருத்தருக்கு அப்படி நடந்தா போதும், அடுத்த ரிவியூல மொத்தப் பேரும் வாயை மூடிக்குவாங்க.

[திரையில்: டியர்பார்ன், ஃபோர்டு தலைமை அலுவலகம், 2006]

இப்போ திரும்ப ஃபோர்டு. 2006 செப்டம்பர். போயிங்ல இருந்து வந்த ஆலன் முலாலி தலைமை நிர்வாகியா சேர்றார். அந்த வருஷம் ஃபோர்டோட நஷ்டம் 1,200 கோடி டாலருக்கு மேல. அவர் வியாழக்கிழமைதோறும் ஒரு ரிவியூ வச்சார். ஒவ்வொரு தலைவரும் தன் துறைத் திட்டத்தை நிறத்துல காட்டணும். சரியா போனா பச்சை, தடுமாறினா மஞ்சள், சிக்கல்னா சிவப்பு.

ஆரம்ப வாரங்கள்ல எல்லா ஸ்லைடும் பச்சை. கம்பெனி இவ்வளவு பணத்தை இழக்குது, ஒரு சிக்கல்கூடவா இல்லன்னு முலாலி கேட்டார். யாரும் அசையல. ஃபோர்டுல அதுவரைக்கும் கூட்டத்துல சிக்கலை ஒத்துக்கிட்டவங்களுக்கு நல்லது நடந்ததா சரித்திரம் இல்ல.

பிறகு ஒரு வியாழக்கிழமை, வட, தென் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ் ஒரு சிவப்பைப் போட்டார். கனடாவுல ஓக்வில் ஆலையில தயாராகிற எட்ஜ் கார்ல ஒரு கோளாறு, அனுப்புறதை நிறுத்தி வச்சிருக்கோம்னார். அறையே உறைஞ்சு போச்சு. இவர் கதை முடிஞ்சதுன்னு மத்தவங்க நினைச்சாங்க. முலாலி கை தட்டினார். இவருக்கு யார் உதவ முடியும்னு கேட்டார். உடனே ஒவ்வொருத்தரா முன்வந்தாங்க. அடுத்த சில வாரத்துல எல்லார் ஸ்லைடுலயும் மஞ்சளும் சிவப்பும் வந்துடுச்சு. அந்த ஃபீல்ட்ஸ்தான் 2014ல முலாலிக்கு அடுத்து அந்த நாற்காலியில உட்கார்ந்தார்.

கை தட்டினது மேடை உத்தின்னு சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தெரியல. சிவப்பு போட்டவர் அடுத்த வாரமும் அதே நாற்காலியில இருந்தார் பாருங்க, அதுதான் மத்தவங்களுக்கு தைரியம் குடுத்தது.

[திரையில்: நாட்காட்டி, 256 / 297]

இராணுவம் இந்தப் பொய் ரிப்போர்ட் சிக்கலைத் தீர்த்து முடிச்சிடுச்சான்னா, இல்ல. 2002ல அமெரிக்க இராணுவத்துக்குள்ள நடந்த ஒரு ஆய்வு, கம்பெனி கமாண்டர்கள், அதாவது நூறு பேர் அளவுல இருக்கிற படைப்பிரிவை நடத்துறவங்க, என்ன சுமக்கிறாங்கன்னு கணக்கு போட்டது. வருஷத்துல பயிற்சிக்குக் கிடைக்கிற நாள் 256. கட்டாயம்னு மேலே இருந்து விதிச்ச வேலை 297 நாளுக்கு. எல்லாத்தையும் முடிச்சதா ரிப்போர்ட் போகுதுன்னா, எங்கேயோ யாரோ பொய்க் கையெழுத்துப் போடுறாங்க. 2015ல அதே இராணுவத்தோட போர்க் கல்லூரி ஆய்வாளர்கள் அதை வெளிப்படையாவே எழுதினாங்க. நல்ல மனுஷங்களே பொய் எழுத வேண்டிய நிலைமையை மேலே இருக்கிறவங்கதான் உண்டாக்குறாங்கன்னு.

உங்க டீம்ல ஆரம்பிக்கணும்னா பெரிய புராஜெக்ட் முடியற வரைக்கும் காத்திருக்க வேணாம். ஒரு டெலிவரி, ஒரு கஸ்டமர் மீட்டிங், முடிஞ்ச அன்னைக்கே இருபது நிமிஷம். நாலு கேள்வி. நடத்துறது மேனேஜரா இல்லாம வேற டீம் ஆளா இருந்தா நல்லது. மேனேஜர் தன்னோட பங்கை முதல்ல சொல்லணும், அப்புறம் கேட்கணும். மாத்தப்போற விஷயம் ரெண்டே ரெண்டு எழுதுங்க, யார், என்னைக்குள்ளன்னு. அந்தக் காகிதம் எச்ஆர் ஃபைலுக்குப் போகக் கூடாது.

கூடவே, உங்க ஆட்கள்கிட்ட வாராவாரம் நீங்க கேட்கிற ரிப்போர்ட் எல்லாத்தையும் பட்டியல் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அவங்களையே கேட்டுக் கூட்டிப் பாருங்க. இருக்கிற நேரத்தைத் தாண்டிப் போச்சுன்னா, அடுத்த ரிவியூ மீட்டிங் வைக்கிறதுக்கு முன்னாடி அதுல எதை நிறுத்தலாம்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லிடுங்க.