பழைய சைனா எம்பி4 பிளேயரில் வீடியோ ஓடவைப்போமா?

வணக்கம் மக்களே. இதோ, கேமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன், தெரிகிறதா? தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, 1.8 அங்குலத் திரை. ஒரு காலத்தில் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கடைக்குக் கடை தொங்கிய சைனா எம்பி4 பிளேயர். பாட்டுக் கேட்கலாம், எஃப்எம் கேட்கலாம், வீடியோவும் பார்க்கலாம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். வீடியோ ஓடும்தான். ஆனால் போனில் இருக்கும் ஃபைலை அப்படியே தூக்கிப் போட்டால், ஃபார்மட் சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்கும். இதற்கு வேண்டியது ஏஎம்வி (.amv) ஃபைல், இந்த மாதிரிப் பிளேயர்களுக்கென்றே உள்ள வீடியோ ஃபார்மட். இன்றைக்கு அதைத்தான் செய்யப்போகிறோம்.

ஏன் இந்த அடம் என்று கேட்டால், பாவம், அதன் மூளை அவ்வளவுதான். இந்த வகைப் பிளேயர்களில் சீனாவின் ஜூஹாய் நகரத்து ஆக்‌ஷன்ஸ் செமிகண்டக்டர் சிப்தான் அதிகம். அவர்களுடைய ஆரம்பகால மலிவு சிப்களுக்குள் இருந்தது இசட்80 என்ற பிராசஸர். 1976-இல் வந்த 8 பிட் வடிவமைப்பு, பக்கத்தில் உதவிக்கு ஒரு டிஎஸ்பி, அதாவது ஒலி, படக் கணக்குகளை மட்டும் வேகமாகப் போடும் பகுதி. போன் வீடியோக்களில் இருக்கும் எச்.264 போன்ற சுருக்க முறைகள் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையே மாறியதை மட்டும் எழுதிவைக்கும். அதைத் திரும்ப விரித்துக் காட்ட நினைவகமும் வேண்டும், வேகமும் வேண்டும். ஏஎம்வி அந்த வம்புக்கே போகாது. ஒவ்வொரு ஃபிரேமும் தனியான ஒரு ஜேபெக் படம். அதிலும் ஜேபெக்கின் தலைப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டார்கள், அட்டவணைகள் எல்லா ஃபைலுக்கும் ஒன்றேதான் என்பதால். ஒலி மோனோ, 22,050 ஹெர்ட்ஸ், 4 பிட் ஏடிபிசிஎம் என்ற எளிய ஒலிச் சுருக்க முறை. சாமர்த்தியமான சிக்கனம்தான், ஆனால் விலை ஃபைலின் அளவில் வரும். ஏறத்தாழ 4 புள்ளிக்கு (பிக்சலுக்கு) ஒரு பைட் ஆகும். என் பிளேயரின் 160×128 திரைக்கு, நொடிக்கு 15 ஃபிரேம் வைத்து, ஒலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 300 எம்பியைத் தாண்டிவிடுகிறது. இத்தனூண்டு படத்துக்கு!

சரி, கன்வெர்ட் செய்வோம். அந்தக் காலத்தில் கூடவே ஒரு குட்டி சிடி வரும், அதில் ஒரு விண்டோஸ் கன்வெர்ட்டர் இருக்கும். அதைத் தேடி அலைய வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்று கமாண்ட் கொடுத்து வீடியோவை மாற்றும் இலவச மென்பொருள் இருக்கிறது. 2021-இல் வந்த அதன் 4.4 பதிப்பிலிருந்தே ஏஎம்வி ஃபைலை எழுத முடிகிறது. முழு கமாண்டும் டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது. ஒரே ஒரு இடத்தை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் முட்டிக்கொள்வார்கள். ஒலியைத் துண்டு துண்டாகத்தான் எழுதும். அந்தத் துண்டின் அளவு, அதாவது பிளாக் அளவு, ஒரு ஃபிரேமுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். 22,050-ஐ ஃபிரேம் வேகத்தால் வகுங்கள். 15 என்றால் 1470, 25 என்றால் 882. மீதியில்லாமல் வகுபடும் வேகமாக எடுத்துக்கொண்டால் நிம்மதி. அப்புறம் படத்தின் உயரம் 16-ஆல் வகுபட வேண்டும். 128 அப்படிப்பட்டதுதான். 120 உயரம் கேட்கும் பிளேயர் என்றால் ஸ்ட்ரிக்ட் என்ற ஆப்ஷனுக்கு மைனஸ் 1 கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் முரண்டு பிடிக்கும்.

இப்போது திரையைப் பாருங்கள். ஒரு சினிமாஸ்கோப் படத்துக் காட்சியை அப்படியே சுருக்கியிருக்கிறேன். 128 வரிசையில் படம் 68 வரிசைதான், மீதி மேலும் கீழும் கறுப்பு. முகம் கடுகளவு. பக்கங்களை வெட்டித் திரையை நிரப்பினால் கிட்டத்தட்டப் பாதிப் படம் போய்விடும், குழு நடனம் என்றால் ஹீரோ மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருப்பார். அதனால் முழுப் படம் பார்க்க இது லாயக்கில்லை என்பது என் கட்சி. ஒருவர் கேமராவைப் பார்த்துப் பேசுகிற வீடியோ, சமையல், இரண்டு பேர் உட்கார்ந்து வம்பளக்கும் காமெடி, இவற்றை எடுங்கள். 16:9 படத்தை 5:4 ஆக வெட்டினால் 30 சதவீதம் போகும், ஆனால் போவது பெரும்பாலும் சுவரும் திரைச்சீலையும்தான்.

சப்டைட்டில்தான் உண்மையான வேலை. பிளேயர் தனியாக சப்டைட்டில் ஃபைலைப் படிக்காது, படத்தின்மேலேயே பதித்துவிட வேண்டும். நான் ஒரு மலையாளக் காமெடித் துண்டுக்குத் தமிழில் போட்டிருக்கிறேன். இடது பக்கம் எஃப்எஃப்எம்பெக் தானாகக் கொடுத்த எழுத்தளவு. 288 வரிசை உயரத்துக்கு 16 என்று அது கணக்கு வைத்திருக்கிறது, நம் 128-க்கு வரும்போது 7 புள்ளிதான் மிஞ்சும். கொஞ்சம் ஜூம் செய்கிறேன். இது ‘கி’யா ‘கீ’யா? மேலே சுழி வளைந்து முடியவே இடமில்லை. ‘ண’வும் ‘ன’வும் ஒரே கறை. வலது பக்கம் அளவை 32 ஆக்கியது, எழுத்துக்கு 14 புள்ளி கிடைக்கிறது, படிக்க முடிகிறது. ஆனால் ஒரு வரிக்கு 16 எழுத்துக்குமேல் நிற்காது. அதனால் வசனத்தையே சுருக்க வேண்டியிருக்கிறது. ‘நான் நாளைக்குக் காலையில் ஊருக்குப் போகிறேன்’ என்பது ‘நாளை காலை கிளம்புறேன்’ ஆகிவிட்டது. ஒன்றும் குறையவில்லை, சொல்லப்போனால் இதுதான் நன்றாக இருக்கிறது. முதலில் வெட்டி, பிறகு சுருக்கி, கடைசியில் எழுத்தைப் பதியுங்கள். வரிசை மாறினால் எழுத்தும் சேர்ந்து சுருங்கி மங்கிவிடும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தால், அது உங்கள் எழுத்துருவின் குற்றமாக இருக்காது. அந்த எஃப்எஃப்எம்பெக்கில், எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் (HarfBuzz) என்ற பகுதி சேராமல் இருக்கும், அது சேர்ந்த வேறு பில்ட் எடுங்கள்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. 22,050 என்றால் 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் இருக்காது. பேச்சு தெளிவாகவே கேட்கும், ஜால்ரா மட்டும் வெறும் இரைச்சலாகிவிடும்.

காப்பி செய்வதற்கு முன்னால் பிளேயரின் கொள்ளளவைச் சோதியுங்கள். 8 ஜிபி என்று காட்டிக்கொண்டு உள்ளே 1 ஜிபி மட்டும் வைத்திருக்கும் போலிகள் இந்த வகையில் நிறைய. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3, இரண்டும் இலவசம். எழுதிப் பார்த்து, திரும்பப் படித்துப் பார்த்து, உண்மையைச் சொல்லிவிடும். ஃபைல் பெயரில் தமிழ் வேண்டாம், என்னுடையதில் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. 01, 02 என்று எண் போட்டாலும் இது எண் வரிசையில் காட்டாது, காப்பி செய்த வரிசையில்தான் காட்டும். அதனால் மொத்தமாக இழுத்துப் போடாமல் ஒவ்வொன்றாகப் போடுங்கள். லினக்ஸ்காரர்களுக்கு, ஃபைல்களைப் பெயர் வரிசையில் அடுக்கிவைக்கும் ஃபேட்சார்ட் இருக்கிறது, எல்லாவற்றையும் போட்ட பிறகு ஒரு தடவை ஓட்டினால் போதும்.