நம் மலைகளின் சின்னப் பூ ஓர்கிட்கள்

வணக்கம் நேயர்களே.

ஓர்கிட் என்றதும் கல்யாண மேடையில் வைக்கிற பெரிய ஊதாப் பூதான் பலருக்கும் ஞாபகம் வரும். அவை பெரும்பாலும் நாற்றுமேடைகளில் உருவாக்கிய கலப்பினங்கள். நான் இன்றைக்குப் பேச வந்தது அரிசி மணி அளவுகூட இல்லாத பூப் பூக்கிற காட்டு ஓர்கிட்களைப் பற்றி. மலைநாட்டில் இருக்கிற நாம் தினமும் அவற்றைக் கடந்துதான் போகிறோம். காட்டு ஓரத்து மரத்தில் இருக்கும், ஆற்றங்கரைப் பாறையில் இருக்கும், சில இடங்களில் தேயிலைக்கு நடுவே நிற்கிற பழைய நிழல் மரத்திலும் இருக்கும்.

இலங்கையில் ஏறக்குறைய 190 காட்டு ஓர்கிட் இனங்கள் உண்டு. அவற்றில் 50க்கும் மேற்பட்டவை இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அந்த அரிய இனங்களில் நிறைய மலைநாட்டிலும் அதைச் சுற்றிய ஈரக் காடுகளிலும்தான் வளர்கின்றன. ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் மூன்றையும் சேர்த்து 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமையாக அறிவித்தார்கள். முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெட்டியது போக மிஞ்சிய காடு அது.

சரி, ஒரு செடி ஓர்கிட்டா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பூவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பல சின்ன இனங்களில் பூ சில நாள்தான் நிற்கும். மீதி வருடம் முழுக்க இலையையும் தண்டையும் வேரையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேரிலிருந்து தொடங்குங்கள். மரத்தில் ஒட்டி வளரும் ஓர்கிட்டின் வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி போல வெளுத்திருக்கும். மழைத்துளி பட்டதும் பச்சையாகும். வேரைச் சுற்றியிருக்கிற பஞ்சு மாதிரியான உறை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அப்போது உள்ளே இருக்கிற பச்சை வெளியே தெரியும். பக்கத்தில் வளர்கிற பன்னம், பெப்பரோமியா, ஹோயா எல்லாம் தூரத்தில் பார்த்தால் ஓர்கிட் மாதிரிதான் தெரியும். பன்னத்தின் இலையைத் திருப்பினால் அடியில் பழுப்பு நிற வித்திக் கூட்டங்கள் இருக்கும். ஹோயாவின் இலை கிழிந்தால் பால் வரும். ஓர்கிட்டில் இவை இரண்டும் கிடையாது.

இனி சில குடும்பத்தாரை அறிமுகம் செய்கிறேன். ஒபரோனியா என்றொரு பேரினம். அதன் இலைகள் தட்டையாக, விசிறி மடித்தது போல ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும். இந்த அமைப்பை ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு எங்கே கண்டாலும் தெரிந்துவிடும். விசிறியின் நடுவிலிருந்து எலிவால் போல ஒரு கதிர் தொங்கும். அதில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒன்று இரண்டு மில்லிமீற்றர்தான். பெரும்பாலான பூக்கதிர்கள் அடியிலிருந்து மேலே மலரும். பல ஒபரோனியாக்கள் நுனியில் தொடங்கி அடியை நோக்கி மலரும். வெறும் கண்ணுக்கு அது பச்சை மஞ்சள் நூலாகத்தான் படும். நகை செய்கிறவர்கள் வைத்திருக்கிற பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று இருந்தால் போதும், உள்ளே ஒரு முழு ஓர்கிட் பூ தெரியும். மூன்று வெளி இதழ், இரண்டு உள் இதழ், வேறு வடிவம் எடுத்த மூன்றாவது இதழான உதடு, நடுவில் ஆணும் பெண்ணும் ஒன்றான தூண். பெரிய பூவில் உள்ளது எதுவும் இதில் குறையவில்லை. நான் படிப்பித்த பிள்ளைகள் முதன்முதலாக இதை வில்லையில் பார்த்துவிட்டு வில்லையைத் திருப்பித் தர மனமில்லாமல் நிற்பார்கள். அந்த ஆசைதான் ஓர்கிட் படிப்பின் முதல் பாடம் என்று நான் நம்புகிறேன்.

பொடோகைலஸைப் பாசி என்று நினைத்துத் தாண்டிப் போவது சுலபம். குட்டி இலைகள் தண்டின் இரண்டு பக்கமும் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஈரப் பாறையிலும் மரத்தின் அடியிலும் பாய் விரித்தது போலப் படரும். டேனியோஃபில்லத்துக்கு இலையே இல்லை. மெல்லிய கிளையில் பச்சை வேர்கள் நாலா பக்கமும் பரவிக் கிடக்கும். இலையின் வேலையை அந்த வேர்களே செய்கின்றன. புல்போஃபில்லம் என்றால் ஊர்ந்து போகிற தண்டு, இடைவெளி விட்டு இடைவெளி விட்டுச் சிறு குமிழ்கள், குமிழுக்கு ஓர் இலை. அதன் பூவில் உதடு ஒரு கீல் மேல் நிற்பதால் காற்றில் ஆடும். பெரும்பாலும் ஈ வகைகள்தான் மகரந்தம் சுமக்கின்றன. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் போகிறவர்கள் எரியா பைகலரைத் தேடுங்கள். வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். அது இலங்கைக்கே உரியது.

எரியாவா, டென்ட்ரோபியம் என்ற இன்னோர் ஓர்கிட் பேரினமா என்று சந்தேகம் வந்தால் உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து, குண்டூசி முனையால் தூணின் நுனியில் இருக்கிற மூடியை மெதுவாக விலக்குங்கள். மகரந்தம் தூளாக இருக்காது, மஞ்சள் உருண்டைகளாக இருக்கும். டென்ட்ரோபியத்தில் நான்கு, எரியாவில் எட்டு, வாண்டா என்ற பேரினத்தில் இரண்டு. நிறம் ஏமாற்றும், இந்த எண்ணிக்கை ஏமாற்றாது.

படம் எடுக்கும்போது பூவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். முழுச் செடி, இலை தண்டோடு சேருமிடம், வேர், பூவின் முன்பக்கம், பக்கவாட்டு எல்லாம் வேண்டும். அளவு தெரிய ஓர் அடிமட்டத்தைப் பக்கத்தில் பிடியுங்கள். அப்புறம் கொப்பியில் எழுதுங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரம், கிளையின் மேல்பக்கமா கீழ்ப்பக்கமா, பாசி மூடிய பட்டையா வெறும் பட்டையா, வெயில் எந்த நேரம் விழுகிறது, மழை விட்டபின் எவ்வளவு நேரத்தில் காய்கிறது. அடையாளம் காண்பதற்கு எழுதிய இந்தக் குறிப்புத்தான் பிறகு வளர்ப்பதற்கும் வழிகாட்டி. வளர்ப்பு முறையைத் தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்தக் கிளை என்ன கொடுத்ததோ அதை நீங்கள் கொடுத்தால் போதும்.

வளர்ப்பது என்று சொன்னவுடன் காட்டுக்குள் போய்ப் பிடுங்கி வந்துவிடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம். உலகத்து ஓர்கிட் குடும்பம் முழுவதும், காட்டு உயிரினங்களை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பிடுங்கிய செடிகளில் பெரும்பாலானவை வீட்டில் பிழைப்பதும் இல்லை. நாற்றுமேடையில் வாங்கும்போது விதையிலிருந்து வளர்த்ததா என்று கேளுங்கள். வேர் வெட்டுப்பட்டு, அதில் மரப்பட்டைத் துண்டு ஒட்டி, இலையில் பாசி படிந்திருந்தால் அது காட்டிலிருந்து வந்தது. அதை வாங்காதீர்கள்.

தோட்டங்களில் நிழல் மரத்துக் கிளை வெட்டும்போது ஓர்கிட்களும் சேர்ந்து விழும். கண்டால், தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்தக் கிளைத் துண்டோடு பக்கத்து மரத்திலேயே அதே உயரத்தில் கட்டிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டு போவதைவிட அதுவே நல்லது.

நாற்றுமேடைச் செடிக்குப் பட்டை உரியாத கட்டைதான் பொருத்தம். பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைக் கட்டை அருமையாக இருக்கும், வருடக் கணக்கில் உக்காது. கொய்யாவும் யூகலிப்டஸும் பட்டை உரிப்பவை, அவை வேண்டாம். கொஞ்சம் பாசி வைத்து, பருத்தி நூலால் அசையாமல் கட்டுங்கள். செடி ஆடினால் புது வேரின் நுனி தேய்ந்து கருகிவிடும். மழைத் தண்ணீர் சிறந்தது. காலையில் நனைய ஊற்றுங்கள், மத்தியானத்துக்குள் வேர் வெளுக்க வேண்டும். நம் ஊரில் சின்ன ஓர்கிட்களைக் கொல்வது வறட்சியைவிடத் தேங்கிய ஈரமும் காற்றோட்டமில்லாத மூலையும்தான். தென்மேற்குப் பருவமழை நாட்களில் ஹட்டன் பக்கம் இருப்பவர்கள் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், கூரையின் கீழ் காற்றுப்படத் தொங்கவிடுங்கள். அதே நாட்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்று வீசும். அங்கே காலையும் மாலையும் தூவ வேண்டியிருக்கும்.

உயரத்தையும் பாருங்கள். கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே. சராசரி வெப்பம் எட்டு ஒன்பது பாகை வித்தியாசப்படும். நுவரெலியாக் காட்டில் வாசம் வீசுகிற சீலொஜினி ஒடராட்டிஸிமா என்ற ஓர்கிட்டுக்கு இரவுக் குளிர் அவசியம். அதைக் கொழும்பில் இருக்கிற மகளுக்கு அனுப்பிவைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப் போகும்.

உரம் போத்தலில் எழுதிய அளவில் கால் பங்கு போதும், அதுவும் புது வேர் ஓடும் காலத்தில் மட்டும். ஓடில்லாத நத்தைகள் ஓர் இரவில் வேர் நுனியெல்லாம் தின்றுவிடும். டோர்ச் எடுத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள், கையால் பொறுக்கி எடுக்கலாம்.

விதை பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள், தூசி மாதிரி இருக்கும். விதைக்குள் சாப்பாட்டுச் சேமிப்பு இல்லை. ஒரு பூஞ்சை உதவிக்கு வந்தால்தான் முளைக்கும். இதை 1899இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்தார். 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர் சீனி கலந்த கூழில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்தார். இன்றைய ஆய்வுகூடப் போத்தல் நாற்றுக்கள் அந்த வழியில் வந்தவை. வீட்டில் காய் பழுத்து வெடிக்கும் நிலைக்கு வந்தால், அந்தத் தூளைத் தாய்ச் செடியின் வேருக்குப் பக்கத்தில், பாசி உள்ள பட்டையில் தூவிவிடுங்கள். தேவையான பூஞ்சை அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். முளைத்தால் முதலில் பச்சைப் புள்ளிகள்தான் தெரியும். பாசி என்று நினைத்துச் சுரண்டிவிடாமல், வில்லை வைத்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.